ஏழாம் நம்பர் உப்பு

ஓய்வுபெற்ற பள்ளி ஊழியர்கள் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் கொண்டுவருகிறார்கள். அதற்கு எழுதச் சொல்லி டவுணிலிருந்து ஒரு தம்பி போன் போட்டார். என்னைப் போலவே ஆய்வக உதவியாளர், இன்னும் வேலையில் இருக்கிறார். பேச்சு எங்கெங்கோ சுற்றிச் செய்முறைத் தேர்வில் வந்து நின்றது. "இப்பம் பிள்ளையளுக்கு உப்பு என்னன்னு சொல்லிக் குடுக்காம இருக்க முடியலக்கா. மேலேருந்தும் நெருக்குதாங்க, கீழேருந்தும் நெருக்குதாங்க. உங்க காலத்துலல்லாம் சுத்தமா நடந்திருக்கும்லா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுத்தமாகவா? நல்லா நடந்தது போங்கள். அந்தத் தம்பி கேட்ட கேள்விக்குத்தான் இதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் பாடு.

என் பெயர் பிலோமினா. ஏரல் பக்கத்தில், ஒருபுறம் வாழையும் ஒருபுறம் நெல்லுமாக இருக்கிற ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம், மற்றவர்கள் பெயரையும் மாற்றியிருக்கிறேன். பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் கடற்கரை ஊர். அப்பா படகுக்காரர். பிளஸ் டூ முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பதிந்ததையே மறந்துபோன பிறகு வேலை வந்தது. முதல் நாள் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது அழுகிய முட்டை நாற்றம். ஹைட்ரஜன் சல்பைடு என்று பிறகு தெரிந்தது. மீன் நாற்றத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே குடலைப் புரட்டியது.

ஆனால் ஒரு வாரத்தில் எனக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. வெள்ளையாக இருக்கிற இரண்டு தண்ணீரை ஒன்றில் ஒன்று ஊற்றினால் மஞ்சளாக ஒன்று கீழே இறங்குகிறது. ஏன் இறங்குகிறது, ஏன் மஞ்சள், ஏன் சிவப்பில்லை? சாருக்கு ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் கேட்பேன். அவர் கரும்பலகையில் சமன்பாடு எழுதுவார். எனக்குப் பாதி புரியும். மீதிப் பாதி இன்றைக்கும் புரியவில்லை, ஆனால் பார்ப்பதில் உள்ள ஆசை மட்டும் குறையவே இல்லை. இருபத்தெட்டு வருஷம் சோதனைக் குழாய் கழுவியவளுக்கு அலுத்திருக்குமே என்பார்கள். ஒருநாளும் அலுத்ததில்லை.

பிள்ளைகளுக்குத்தான் அந்த ஆசை இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வேடிக்கை சொல்கிறேன். இயற்பியல் செய்முறையில் குவிலென்சின் குவியத் தூரம் காண்பது என்று ஒன்று உண்டு. லென்சைப் பிடித்து, ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் இருக்கிற ஒரு பொருளின் பிம்பத்தைத் திரையில் விழவைத்து, இடைவெளியை அளக்க வேண்டும். எங்கள் பள்ளியில் அந்தத் தூரத்துப் பொருள் எப்போதும் எதிரே நின்ற வாகைமரம்தான். ஒரு மழையில் அந்த மரம் சாய்ந்து, அறுத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு அடுத்த தேர்வில் அத்தனை தாளிலும், "எடுத்துக்கொண்ட பொருள்: எதிரே உள்ள வாகைமரம்." அளவும் பத்தில் ஒரு சென்டிமீட்டர் பிசகாமல் வந்திருக்கிறது. இல்லாத மரத்தின் பிம்பத்தை அத்தனை பேரும் அளந்திருக்கிறார்கள். ஆசிரியர்களோடு சேர்ந்து நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பது இனிமேல் தெரியும்.

வேதியியலில் உப்புதான் பெரிய விஷயம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பொட்டலத்தில் ஏதோ ஒரு பொடி தருவோம். மேலே நம்பர் மட்டும் இருக்கும். அதைக் கரைத்து, சூடாக்கி, அமிலம் விட்டு, காரம் விட்டு, அது என்ன உப்பு என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். விடைத்தாளில் மூன்று கட்டம் போட வேண்டும். முதல் கட்டத்தில் செய்த சோதனை, இரண்டாவதில் காண்பன, மூன்றாவதில் அறிவன. என்ன செய்தாய், என்ன பார்த்தாய், அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய் என்று அர்த்தம். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் மூன்றாம் கட்டத்தை முதலில் நிரப்பிவிட்டு, பிறகு இரண்டாம் கட்டத்தை ரெக்கார்டு நோட்டை மனப்பாடமாக ஒப்பித்து நிரப்புவார்கள். மூன்றாம் கட்டம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? என்னால்தான்.

வாயால் சொல்ல மாட்டேன். அது பட்டிக்காட்டுத்தனம். என் வழி வேறு. ஒவ்வொரு உப்பையும் உறுதிப்படுத்தக் கடைசியில் ஒரு கரைசல் தேவைப்படும். மேசை மேசையாகக் கரைசல் பாட்டில்களை எடுத்துவைப்பது என் வேலை. எந்தப் பிள்ளைக்கு முன்னால் எந்த பாட்டிலை வைக்கிறேனோ அதுதான் விடை. மாக்னசான் பாட்டிலை வைத்தால் உப்பின் ஒரு பாதி மக்னீசியம். பேரியம் குளோரைடை வைத்தால் மறு பாதி சல்பேட். பார்க்கிறவர் கண்ணுக்கு லேப் அக்கா ஓடியாடி வேலை செய்கிறாள், அவ்வளவுதான். பரீட்சைக்கு மட்டுமில்லை, இரண்டு வருஷச் செய்முறை வகுப்பிலும் இதே கதைதான். வேதியியல் ஆசிரியர் அருணாசலம் சாருக்கு இது தெரியும். நல்ல மனுஷன், பிள்ளைகளைக் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று சொன்னால் அவர் முகம் வெளிறிவிடும். "பிலோமினா, பாட்டிலெல்லாம் சரியா வச்சிரும்மா" என்பார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. எல்லாப் பள்ளியிலும் நடக்கிறதுதானே, ஊரோடு ஒத்து வாழ் என்று இருந்துவிட்டேன்.

தேர்வு நடத்த வெளிப்பள்ளியிலிருந்து ஒருவர் வருவார். புறத்தேர்வாளர் என்று பெயர். மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிப்பது போலக் கவனிப்போம். காலையில் காபி, மத்தியானம் பிரியாணி, போகும்போது அல்வாப் பொட்டலம். அவர்களும் பெரிய மனசு பண்ணிக் கண்ணை அங்கே இங்கே வைத்துக்கொள்வார்கள். நான் சொல்லவந்த அந்த வருஷம், எனக்கு ஓய்வுபெற இன்னும் பத்து வருஷம் இருந்தது, நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வேலம்மாள் டீச்சர் வருகிறார் என்று தாள் வந்தது. தாளைப் படித்ததும் அருணாசலம் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் வந்தது டவுன் பஸ்ஸில். அழைத்துவர ஆள் அனுப்புகிறோம் என்றதற்கு, "எனக்கு வழி தெரியும் சார்" என்றாராம். ஒல்லி உடம்பு, பருத்திச் சேலை, தோளில் துணிப்பை. காபியை நீட்டினேன். "வேண்டாம்மா, குடிச்சிட்டுத்தான் வாரேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் இரண்டாம் தடவை கேட்க முடியாத மாதிரி சொன்னார். பையிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்து ஜன்னலோரம் வைத்தார், அது மத்தியானத்துக்கு. பிரியாணி போயிற்று. பிறகு ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனார். ஒவ்வொரு சோதனைக் குழாயையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, வாயைத் துடைத்து, கைக்குட்டையைப் பார்த்து, திரும்ப வைத்தார். "நல்லாக் கழுவியிருக்கம்மா" என்றார் என்னிடம். பதினெட்டு வருஷத்தில் ஒரு புறத்தேர்வாளர் நான் கழுவிய குழாயைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சும்மா சொல்லக் கூடாது, எனக்குப் பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

அவர் கேள்வி கேட்கிற விதமும் தனி. சத்தம் போட மாட்டார். பிள்ளை சொல்வதை முழுக்கக் கேட்பார். கேட்டுவிட்டு, "சரி, பிறகு?" என்பார். பிள்ளை இன்னும் கொஞ்சம் சொல்லும். "சரி, பிறகு?" மனப்பாடம் பண்ணியது தீர்ந்துபோகிற இடம் வரைக்கும் அப்படியே கூட்டிக்கொண்டு போவார். தீர்ந்த இடத்தில் பிள்ளை திருதிருவென்று முழிக்கும். அவர் திட்டவும் மாட்டார், சிரிக்கவும் மாட்டார். குனிந்து ஏதோ எழுதுவார்.

இனி என் தப்புக்கு வருகிறேன். அந்த வருஷம் எங்களுக்கு வர வேண்டிய வேதிப்பொருட்கள் தேர்வு நெருங்கியும் வரவில்லை. மக்னீசியம் சல்பேட் பாட்டில் அடிவரைக்கும் காலி. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. தாமிரபரணிப் பாசனத்தில் வாழைக்கும் நெல்லுக்கும் சத்துக்குறைவு என்றால் மக்னீசியம் சல்பேட், சிங்க் சல்பேட் எல்லாம் போடுவார்கள். உரக்கடையில் மூட்டையாகக் கிடக்கும். ஆகவே ஆய்வகத்தில் தீர்ந்தால் உரக்கடை. நான் போன நேரம் நெல்லுக்கு உரம் போடுகிற பருவம், கடையில் ஒரே கூட்டம். "அண்ணாச்சி, மக்னீசியம் சல்பேட் அரைக் கிலோ" என்று கத்தினேன். "இந்தா தாரேன்மா" என்று ஏதோ ஒரு மூட்டையிலிருந்து அள்ளிக் கட்டிக் கொடுத்தார். வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாக இருந்தது. கொண்டுவந்து பாட்டிலில் கொட்டினேன்.

புதிதாக எது வந்தாலும் ஒரு சிட்டிகை எடுத்துச் சோதித்த பிறகே தேர்வுக்கு வைக்க வேண்டும். அருணாசலம் சார் கேட்கவும் செய்தார், "புதுசா வாங்கினதச் சோதிச்சாச்சா?" என்று. எனக்கு அன்றைக்கு நாற்பது பொட்டலம் மடிக்கிற வேலை மிச்சம் இருந்தது. "ஆச்சு சார்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அந்த உப்பு ஏழாம் நம்பர். காலைப் பிரிவில் ஐந்து பிள்ளைகளுக்கு ஏழாம் நம்பர் விழுந்தது. அதில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருத்தி ஸ்டெல்லா, எங்கள் தெருப் பிள்ளை, மீனவர் வீடு. அந்தத் தெருவிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் வந்த முதல் பெண். நல்ல மார்க் எடுத்து நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் அம்மாவின் ஜெபம், தினமும் என் காதிலும் விழும். இன்னொருத்தி ஜைனப். அவள் வாப்பா வெளிநாட்டில். மெதுவான பிள்ளை, எதையும் நேரத்துக்குள் முடிக்க மாட்டாள், கேள்வி கேட்டே கழுத்தறுப்பாள். அந்த ஐந்து பேர் முன்னாலும் நான் மாக்னசான் பாட்டிலை வைத்துவிட்டுப் போனேன். மாக்னசான் என்பது ஊதா நிறக் கரைசல். மக்னீசியம் இருந்தால் நீல வீழ்படிவு வரும்.

நான்கு பேர் பாட்டிலைப் பார்த்தார்கள், எழுதத் தொடங்கினார்கள். ஜைனப் பாட்டிலைத் திறந்து இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தாள். ஊதா ஊதாவாகவே நின்றது. குழாயைக் கழுவி மறுபடியும் செய்தாள். கையைத் தூக்கினாள்.

"அக்கா, நீலம் வரலியே."

"இன்னும் ரெண்டு சொட்டு விடுளா" என்று பைய முணுமுணுத்துவிட்டு நகர்ந்தேன். எரிச்சல். சோறு ஊட்டினால் விழுங்கத் தெரிய வேண்டாமா?

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் போனேன். அவள் சாம்பல் சோதனை செய்துகொண்டிருந்தாள். உப்புக் கரைசலில் கோபால்ட் நைட்ரேட் சேர்த்து, வடிதாளை நனைத்து, காயவைத்து, இடுக்கியில் பிடித்து எரிக்க வேண்டும். எரிந்த சாம்பலின் நிறம் சொல்லிவிடும். மக்னீசியம் என்றால் இளஞ்சிவப்பு, சிங்க் என்றால் பச்சை. இதை யாரும் ஒழுங்காகச் செய்வதே இல்லை, பாதி ஈரத்தில் எரித்துக் கரிக்கட்டையாக்கி, ரெக்கார்டில் உள்ளதை எழுதிவிடுவார்கள். ஜைனப் தாளைப் பொறுமையாகக் காயவைத்து எரித்திருந்தாள்.

"அக்கா, பச்சையா இருக்கு பாருங்க."

"ஏளா, நேரம் போகுது. மக்னீசியம்னு எழுதிட்டுப் போயேன்" என்றேன், வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு. அவ்வளவு பச்சையாக நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வரலியேக்கா. வராதத எப்பிடி எழுத?"

சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. கூடவே அந்த இடுக்கியில் இருந்த சாம்பலையும் என் கண் பார்த்துவிட்டது. இளம் வாழைக்குருத்துப் பச்சை. நான் எத்தனை வருஷம் சாம்பல் பார்த்தவள்.

பக்கத்தில் இருந்த சிறு அறைக்குள் போனேன். மிச்சம் இருந்த உப்பில் ஒரு சிட்டிகையைக் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். வெள்ளையாகத் திரண்டது. மக்னீசியமானால் எவ்வளவு ஊற்றினாலும் அந்த வெள்ளை அப்படியே நிற்கும். இன்னும் விட்டேன். ஆத்தாடி, என் கண் முன்னால் கரைந்து, பளிங்குத் தண்ணீராகப் போயிற்று. சிங்க். உரக்கடையில் அண்ணாச்சி மாற்றி அள்ளினாரா, அந்தக் கூச்சலில் அவர் காதில் எப்படி விழுந்ததோ, தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு நிமிஷம் இதைச் செய்து பார்த்திருந்தால் போதும்.

அருணாசலம் சாரைக் கூப்பிட்டுக் குழாயைக் காட்டினேன். அவர் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைச் சாத்தினார்.

"யாருக்கும் தெரியுமா?"

"ஜைனப் சிங்க்னு எழுதியிருக்கா சார். விடைப் பட்டியல்ல மக்னீசியம்னுலா இருக்கு."

"மத்த நாலு பேரு?"

"மக்னீசியம்."

"பிலோமினா, யோசிச்சுப் பாரு. இதச் சொன்னா அந்த நாலும் பாக்காம எழுதுச்சுன்னு ஆயிரும். முறைகேடுன்னு எழுதினா பரீட்சையே போயிரும். உன் வேலை, என் வேலை எல்லாம் போயிரும். ஒரு பிள்ளைக்கு உப்பு மார்க்குதான் போகும். ஒண்ணுக்காக நாலா?" அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் சொன்ன கணக்கில் தப்பும் இல்லை. அந்த நாலில் ஒன்று ஸ்டெல்லா. என் வீட்டிலும் கடலை நம்பி ஒரு மனுஷன், என் வேலையை நம்பி மற்ற எல்லாம். சரி சார் என்று தலையாட்டினேன்.

வாய்மொழிக் கேள்வி தொடங்கியது. ஒவ்வொருவராக வேலம்மாள் டீச்சர் முன்னால் போய் நிற்க வேண்டும். நான் பக்கத்து மேசையில் குழாய் அடுக்குகிற சாக்கில் நின்றேன். ஜைனப் போனாள். டீச்சர் விடைத்தாளையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சிங்க்னு எழுதியிருக்க."

"ஆமா டீச்சர்."

"எப்பிடிச் சொல்லுத?"

அவள் சொன்னாள். சாம்பல் பச்சை, காரத்தில் திரண்டு கரைந்தது, மாக்னசானில் நீலம் வரவில்லை. "சரி, பிறகு?" மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அவளிடம் சொல்ல ஏதோ இருந்தது. மனப்பாடம் பண்ணியிருந்தால் தீர்ந்திருக்கும். பார்த்தது என்பதால் தீரவில்லை. டீச்சர் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. ஆனாலும் பட்டியல் பட்டியல்தானே. "நல்லாச் சொல்லுத. ஆனா உப்பு அதில்லையேம்மா" என்றார்.

ஜைனப் அழவில்லை. தன் கையில் கோபால்ட் கறை படிந்த விரல்களைப் பார்த்தாள். "டீச்சர், மார்க்கு போனாப் போகுது. நான் எந்த இடத்துல தப்புப் பண்ணுனேன்னு மட்டும் சொல்லுங்க. எனக்குப் பச்சையாத்தான் தெரிஞ்சுச்சு. பச்சைன்னா வேற எப்பிடி இருக்கும்?"

கண்ணால் கண்டதையே அந்தப் பிள்ளை சந்தேகப்படத் தொடங்கிவிட்டது. அதை என்னால் தாங்க முடியவில்லை. ஒன்றா நாலா என்கிற கணக்கெல்லாம் எங்கோ போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், இந்தக் கேள்வியை எதில் மறைக்க? டீச்சர் முன்னால் போய் நின்றேன்.

"டீச்சர், அவ தப்புப் பண்ணல. அது சிங்க்தான். உரக்கடையில வாங்கினேன், மாறி வந்திருக்கு. சோதிக்காமலே சோதிச்சேன்னு சொன்னேன். சார் மேல தப்பில்ல, நான்தான்."

அருணாசலம் சார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டு விழும் என்று காத்திருந்தேன். வேலம்மாள் டீச்சர் பேனாவை மூடினார். "மிச்சம் இருக்கா?" என்றார்.

கொண்டுவந்து கொடுத்தேன். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தானே வடிதாளை நனைத்தார், ஸ்பிரிட் விளக்கின் மேலே தூக்கிப் பிடித்துக் காயவைத்தார். அவசரமே இல்லை. எரித்துச் சாம்பலை வெள்ளைப் பீங்கானில் தட்டினார். நாங்கள் நாலு தலையும் அதன்மேல் குனிந்தோம். எனக்கு வேலை போகப்போகிறது, ஆனாலும் என்ன நிறம் என்று பார்க்கிற ஆசை அப்போதும் போகவில்லை, பாருங்கள். பச்சை.

"பச்சைன்னா இப்பிடித்தான் இருக்கும்" என்றார் ஜைனபிடம். அவள் தாளில் தான் முதலில் போட்டிருந்த மார்க்கை அடித்து, முழு மார்க் போட்டு, கையெழுத்து வைத்தார். "போ, சாப்பிடு."

பிறகு மற்ற நாலு தாளையும் எடுத்து வரிசையாகப் பரப்பினார். நாலிலும் காண்பன கட்டத்தில் ஒரே வாக்கியம். மாக்னசான் சேர்க்க நீல நிற வீழ்படிவு தோன்றியது. "நாலு பேரு கண்ணுக்குத் தெரிஞ்ச நீலம் எனக்குத் தெரியலியே" என்றார். என்னைப் பார்த்தார். "பாட்டில யாரு வச்சது?"

"நான்தான் டீச்சர்."

"எத்தன வருஷமா?"

அருணாசலம் சார் முன்னால் வந்தார். "டீச்சர், பிள்ளையள் வாழ்க்கை..."

"அதத்தான் சார் நானும் யோசிக்கேன்" என்றார். தூக்குச்சட்டியைத் திறக்காமலே மேலதிகாரிக்குப் போன் போட்டார். உப்பு மாறி வந்துவிட்டது, நாலு பேருக்கு வேறு உப்பு கொடுத்து மத்தியானம் நடத்துகிறேன், பொறுப்பு என்னுடையது என்று சொன்னார். பாட்டிலைப் பற்றிச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு எல்லாக் கரைசலையும் நடுமேசையில் தானே கொண்டுபோய் வைத்தார். வேண்டியதை வேண்டியவர் எழுந்துவந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். "நீங்க ரெண்டு பேரும் வெளியே இருங்க."

ஆய்வகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். என் ஆய்வகத்துக்கு வெளியே நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். எனக்குப் பிறகு மெமோ வந்தது, சோதிக்காமல் வைத்ததற்கு. விளக்கம் எழுதிக் கொடுத்தேன், எச்சரித்து விட்டார்கள். ஜைனப் டவுணில் கல்லூரியில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். அதெல்லாம் பிற்பாடு. அந்த மத்தியானம் எனக்கு இருந்த ஒரே கவலை ஸ்டெல்லா. காரியத்தைக் கெடுத்துவிட்டேனே என்று அவள் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்?

உள்ளே குழாய்கள் மோதுகிற சத்தம் கேட்டது. யாரோ ஒன்றைக் கீழே போட்டு உடைத்தார்கள். அரைமணி நேரம் ஆயிற்று. ஜன்னல் வழியாக அம்மோனியா நெடி வந்தது. யாருக்கோ அம்மோனியம் உப்பு விழுந்திருக்கிறது என்று மூக்கு சொல்லிவிட்டது. ஜன்னலண்டை போய் நின்று ஒரு ஜாடை காட்டலாமா என்று பழைய புத்தி குடைந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். அருணாசலம் சார் அதைப் பார்த்தார்.

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியாக ஸ்டெல்லா வந்தாள். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு, கன்னமெல்லாம் தண்ணீர். நான் பதறி எழுந்தேன்.

"அழாதட்டி. என் தப்புட்டி எல்லாம். உங்க அம்மைட்ட நான் வந்து சொல்லுதேன்."

"யாரு அழுதா? குழாய்க்கு நேரா மூக்க வச்சுட்டேங்க்கா. அம்மோனியா. ஏ யப்பா, என்னா எரி எரியுது!" அவள் சிரித்தாள். மூச்சு வாங்கியது. "நானே கண்டுபிடிச்சேன்க்கா. மொதல்ல ஒண்ணுமே தெரியல. காரத்த விட்டுச் சூடாக்குனேன் பாருங்க, குப்புன்னு வந்துச்சு. யாரும் சொல்லல, அதுவா வந்துச்சு. கடைசியில திரண்டது வெள்ளையா மஞ்சளான்னு குழம்பி, புரோமைடக் குளோரைடுன்னு எழுதிட்டு வந்துட்டேன். அதுக்கு மார்க்கு போயிரும். ஆனா அம்மோனியம் நான்தான் கண்டுபிடிச்சேன்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவள் தோளைத் தொடப் போனேன். அவள் தாவணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்ததும் சிரிப்பைக் காணோம். என்னையே பார்த்தாள், புதிதாகப் பார்க்கிற ஆளைப் போல.

"இம்புட்டு நல்லாருக்குமாக்கா இது? பிறவு ஏன் ரெண்டு வருஷமா என்னைய ஒரு நாளும் செய்ய விடல?"